அவள் மூச்சு வாங்கும் இடம்

இலத்தூர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு பாட்டு வேண்டுமென்று வந்த சண்முகநாதன் அண்ணாச்சி, புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "செல்வம், போன வருசம் நம்ம வேல்விழி திருவனந்தபுரத்துல போயி ஒண்ணு பாடுனால்லா, அது மாதிரி இருந்தாப் போதும்."

முத்துச்செல்வம் தலையாட்டினான். வேல்விழி அவன் மனைவி. அந்தப் பாட்டில் குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து மிக்ஸ் செய்தவன் விஜயசங்கர். தென்காசியில் இதே மாடி அறையில் முத்துச்செல்வத்தோடு சேர்ந்து ஸ்டுடியோ நடத்தியவன். பிறகு புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போய், அங்கே பெரிதாக ஒரு ஸ்டுடியோ போட்டுவிட்டான். "வாரேண்ணே" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனான். சண்டை போட்டிருந்தால் அவனை வெறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

வேல்விழி பாடிக் கொடுத்தாள். முத்துச்செல்வம் மிக்ஸை முடித்து, விஜயசங்கரின் பாட்டைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டான். தன்னுடையது தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. வயிறு எரிந்தது. அப்புறம்தான் உறைத்தது: அது சத்தத்தை ஏற்றி வெளியிட்ட பாட்டு. சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் தோன்றும். அதைத் தன் மிக்ஸின் அளவுக்குக் குறைத்தான். இப்போது பார்ப்போம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

உறுமியில் தானே மேல் என்று தெரிந்தது. நாதஸ்வரமும் மோசமில்லை. ஆனால் குரல் வந்ததும் முகம் விழுந்துவிட்டது. விஜயசங்கரின் பாட்டில் வேல்விழி பக்கத்தில் உட்கார்ந்து பாடினாள். தன் பாட்டில் அடுத்த தெருவில் நின்றாள்.

கட்டியவன் நான். தினமும் அந்தக் குரலைக் கேட்கிறவன் நான். இவனுக்கு எப்படிக் கிடைத்தது?

மத்தியானம் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்கு வண்டியை விட்டான். மிக்ஸைக் காரில் ஒருமுறை கேட்டுவிடுவது அவன் வழக்கம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவி சாலையில் வேன்கள் அடைத்து நிற்க, வண்டி நகரவில்லை. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டான்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"சும்மா சொல்லாத. அவன் பாட்டுல நீ வேற மாதிரி இருக்க."

அவள் மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள். "அதுல நான் மூச்சு வாங்குறது கேக்கு. இதுல இல்ல."

முத்துச்செல்வத்துக்குச் சுருக்கென்றது. வரிக்கு வரி மூச்சுச் சத்தத்தைக் குப்பை என்று நினைத்து வெட்டி எறிந்தது அவன்தான். "அவன் ஏன் வெட்டல?"

"கேட்டாங்க, வெட்டணுமான்னு. இருக்கட்டும்ணேன்னு சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க எங்க கேட்டிய?"

அவன் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜயசங்கரிடம் விலை கூடிய மைக் இருக்கிறது, அதனால்தான் என்று இத்தனை நேரம் வைத்திருந்த சமாதானமும் போயிற்று. அவன் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். அருவிக்குப் போகாமலே வண்டியைத் திருப்பினான்.

வெட்டிய மூச்சுகளை எல்லாம் திரும்ப வைத்தான். அப்போதும் குரல் முன்னால் வரவில்லை. மறித்துக்கொண்டு நின்றது அவனுடைய கீபோர்டு. ஆசை ஆசையாக அவனே வாசித்துச் சேர்த்தது. குறைத்தான்; மனசு கேட்காமல் கொஞ்சம் ஏற்றினான். பிறகு வேல்விழியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது இடைஞ்சலா இருக்கா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றாள், யோசிக்காமல்.

பல்லவியில் அதை அடியோடு எடுத்துவிட்டான். இப்போது பாட்டிலும் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அதவிட இது நல்லாருக்குடே" என்றார். பெரியவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரோ என்று முத்துச்செல்வத்துக்குச் சந்தேகம். வேல்விழியிடம் இரண்டு தடவை கேட்டும் பார்த்தான்.

"விஜயசங்கர் அண்ணனுக்கு அனுப்பட்டா? சந்தோசப்படுவாங்க" என்று அவள் போனை எடுத்தாள்.

"நீ அனுப்பாத." கொஞ்சம் கழித்து, "நானே அனுப்புதேன்" என்றான்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். கொடை முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் அவன் அந்தப் பாட்டை அனுப்பினான். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.