கத்தி கழுத்தில் இருந்தபோது கேட்ட கேள்வி

என் முடிதிருத்தும் கடை நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் விடமாட்டேன், யோசனை கேட்பேன். தலை என் கையில் இருக்கும்போது எழுந்து ஓட முடியாது, பாருங்கள்! அப்படித்தான் போன மாதம், மருத்துவக் கல்லூரியில் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் டாக்டருக்குச் சவரம் செய்துகொண்டே, "டாக்டருக்குப் படிக்கணும்னா பிசிக்ஸ் கட்டாயம்தானே சார்?" என்று கேட்டேன். "ம்ம்" என்றார். எனக்கு அது போதும்.

வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் மேல்வகுப்பில் மூன்றே பாடம்தான்; டாக்டராக ஆசைப்படும் என் மகள் எடுக்க வேண்டியது கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ். அவளுக்கோ ஓவியம் என்றால் உயிர். அதில் எப்போதும் ஏ கிரேடு. பிசிக்ஸில் தட்டுத் தடுமாறி டி.

"டி வாங்கினா எந்தக் காலேஜ்லயும் சேர்த்துக்க மாட்டாங்கப்பா. நான் டாக்டராகவே முடியாது" என்று அழுதாள்.

"சவரம் பண்ணும்போது பெரிய டாக்டரே சொல்லிட்டார். படம் வரைஞ்சா காய்ச்சல் குணமாகுமா?" என்று கத்தினேன். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எடுக்கும் பாடங்களைப் பள்ளியில் சொல்ல இன்றுதான் கடைசி நாள். பள்ளிக்குப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். அதே டாக்டர், அதே நாற்காலி, முகமெல்லாம் நுரை. என் கையில் கத்தி.

"அப்பா, கத்தியைக் கீழ வைங்க. இப்ப அதே கேள்வியைக் கேளுங்க."

சின்னக் கழுதைக்கு வாயைப் பார்! ஆனாலும் வைத்தேன், கேட்டேன்.

"யார் சொன்னது?" என்றார் டாக்டர். "எங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரியும் பயாலஜியும்தான் கட்டாயம். மூணாவது அவங்கவங்க இஷ்டம். ஆனா மூணுலயும் நல்ல கிரேடு வேணும்."

"ஓவியம் எடுக்கலாமா சார்?" என்று நாற்காலி அருகே வந்து கேட்டாள் மகள்.

"தாராளமா எடும்மா."

"அன்னைக்கு ம்ம்னு சொன்னீங்களே சார்!" என்று பாய்ந்தேன்.

"கத்தி தொண்டையில இருந்ததுய்யா! வேற என்னத்தைச் சொல்றது?"

என் புத்தியை என்னவென்று சொல்ல! மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் கை நுரையெல்லாம் அவள் சட்டையில் ஒட்டியது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் பள்ளிக்குப் பறந்துவிட்டாள்.

மீதிச் சவரத்துக்குக் கத்தியை எடுத்தேன். சந்தோஷத்தில் கண் நிறைந்து, எதிரே இருந்த முகமே தெரியவில்லை.

டாக்டர் மெதுவாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல அழுது முடிங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."