ஏழாவது மேசை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று ஊரே சொல்லும். நிற்கட்டும். என் வீட்டுக்காரர் முத்துராமனுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டுக்கு ஒருவராவது கோபப்பட வேண்டாமா? அவர் பங்கையும் சேர்த்து நானே படுகிறேன்.

அன்றைக்கு நான் கோபப்பட்டது ஒரு செல்போன் சேதியைப் பார்த்து. என் மகள் சுடர்விழி புதுக்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். மேலே எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படிக்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அதற்கு உயிரியல் சார்ந்த பட்டம் வேண்டும், அதில் நூற்றுக்கு ஐம்பத்தைந்தாவது எடுத்திருக்க வேண்டும், அது போக ஒரு நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். இவள் எழுபத்தெட்டு எடுத்திருந்தாள். நுழைவுத் தேர்வுக்குத் திருச்சி வரைக்கும் தனியாக பஸ் ஏறிப் போய் எழுதிவிட்டு வந்தாள். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் என்று கேட்டதையெல்லாம் ஸ்கேன் எடுத்து அனுப்பியாகிவிட்டது. ஆடி பிறந்த முதல் வாரத்தில், இடம் கிடைத்துவிட்டது என்று சேதி வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னொரு வரியும் இருந்தது. முதல் பருவக் கட்டணம், லேப் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம், மெஸ் எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரம். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சேதி வந்தது சனிக்கிழமை.

"அது என்ன படிப்புத்தா?" என்று கேட்டார் அவள் அப்பா.

"கண்ணுக்குத் தெரியாத கிருமியையெல்லாம் வேலைக்கு வச்சு மருந்து செய்யிற படிப்புப்பா."

"சம்பளம் கேக்காதுல்ல?"

அப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கிருமி கேக்காது, காலேஜ் கேக்குதே!" என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது.

திங்கட்கிழமை பேங்குக்குப் போனோம். படிப்புக் கடன் தருவார்களாம். ஆனால் முதல் கட்டணம் கட்டிச் சேர்ந்த ரசீதைக் கொண்டுவந்தால்தான் மற்றதற்கு மனு வாங்குவார்களாம், அதுவும் கைக்கு வர மாதமாகுமாம். வெளியே வந்ததும் சுடர்விழி சொன்னாள்: "விடும்மா. டவுன்ல மெடிக்கல் ஷாப்புல ஆள் கேட்டாங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். பெற்றவளுக்குத் தெரியாதா? பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் பக்கத்து ஆடியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் ஆடியில் விசேஷம் வைக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் அப்போதுதான் மொய் விருந்து. பணத் தேவை உள்ளவர் பத்திரிகை அடித்து, கிடாய் அறுத்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் அவருடைய மேசைக்குப் போய் மொய் எழுதுவார்கள். பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலை நடை என்போம். நடை வீட்டு ஆம்பளை பேரில்தான் ஓடும். ஒரு வீடு ஒருமுறை விருந்து வைத்தால் ஐந்து வருடம் கழித்துத்தான் மறுபடி வைக்கலாம். எங்கள் வீட்டு விருந்து முடிந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அந்தப் பணத்தில் போர் போட்டோம். குழாயில் புழுதிதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. என் நகையும் அந்தக் குழிக்குள்தான் கிடக்கிறது.

முத்துராமன் எழுதாத மொய் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்பார்களே, அதற்கு இவரைத்தான் காட்ட வேண்டும். நான் ஆடு வளர்ப்பேன், இவர் விற்று மொய் எழுதுவார், மைக்கில் "முத்துராமன்" என்று படிப்பார்கள். என் பெயரை எந்த மைக்கிலும் யாரும் படித்ததில்லை.

அந்த ஆடியில் புதன்கிழமை வல்லத்திராக்கோட்டை ரோட்டுப் பந்தலில் ஒரு விருந்து இருந்தது. ஆறு பேர் சேர்ந்து செலவைப் பங்கிட்டு வைக்கிற விருந்து. ஆளுக்கொரு மேசை. எடுத்து நடத்துபவன் வெற்றிசெல்வன். பேங்கிலிருந்து வந்த வேகத்தோடு நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஏழாவதா ஒரு மேசை போடுப்பா."

"அண்ணன் முறை இன்னும் வரலியே அண்ணி? ரெண்டு வருசம் கெடக்கு."

"ஒங்க அண்ணன் பேருல யாரு கேட்டா? என் மக பேருல போடு. சுடர்விழி. புது நடை."

அவன் சிரித்தான். "பொம்பளப் புள்ள பேருல எப்படி அண்ணி? நாளைக்கே கட்டிக்குடுத்தா எந்த ஊருக்குப் போகுமோ? எழுதுனவன் எங்கிட்டுப் போயி திருப்பிக் கேப்பான்?"

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். "ஏன், போர்க் குழிக்குள்ள பணத்தப் போட்டாரே ஒங்க அண்ணன், அவருகிட்ட எப்படிக் கேப்பீங்க? கட்டிக்குடுத்தா செத்தா போயிருவா? போன் நம்பரு இல்லியா அவகிட்ட? இருபத்தாறு வருசமா ஒங்க விருந்துக்கெல்லாம் நான் வளத்த ஆட்டக் குடுத்திருக்கேன். ஒரு நாளு என் பேரு எழுதுனீங்களாடா?"

வெற்றிசெல்வன் கையெடுத்துக் கும்பிட்டான். கடைசியில், "மேசை போட்டுக்கங்க அண்ணி. பந்திச் செலவுல ஒரு பங்கு பெறவு குடுங்க. ஆனா எழுதுறதும் எழுதாததும் சனங்க பாடு, என்னைக் கொறை சொல்லக் கூடாது" என்றான்.

வீட்டில் சுடர்விழி அழுதாள். "யாரும் எழுதலன்னா ஊருக்கு முன்னாடி அசிங்கமாயிரும்மா."

"எழுதலன்னா அசிங்கம் அவங்களுக்குடி. தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு, இனி சாண் என்ன முழம் என்ன? போயி ஆளாளுக்கு நீயே சொல்லிட்டு வா."

பத்திரிகை அடிக்க நேரமில்லை. அவளே தெருத் தெருவாகப் போய் வாயால் அழைத்தாள். "என் விருந்து, அவசியம் வாங்க. நான் திருப்பிச் செய்வேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாளாம். கடைசியாக வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடமும் அதையே சொன்னாள். "நீங்களும் வாங்கப்பா." விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் இந்த மனுசன் நடந்தே பந்தலுக்கு வந்தார். டிவிஎஸ் வண்டி எங்கே என்றேன். பஞ்சர் என்றார். எனக்கிருந்த வேலையில் மேலே கேட்கவில்லை.

பந்தலில் கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். ஆடிக் காற்றில் சாமியானா படபடவென்று அடித்தது. ஆறு மேசைக்கு முன்னாலும் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஏழாவது மேசை ஓரமாக இருந்தது. பணம் போட ஒரு எவர்சில்வர் குண்டான், எழுத ஒரு ஆள், அவருக்குப் பக்கத்தில் என் மகள். நல்ல நீலச் சுடிதார் போட்டிருந்தாள். வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டாள். அவர்களும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். "முத்துராமன் மகளாம். பொண்ணு பேருல நடையாம்ல" என்று பேசிக்கொண்டு போனது என் காதிலும் விழுந்தது. வம்புக்காகச் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். பழக்கமில்லை, அதனால் பயம்.

மூன்று பந்தி எழுந்தும் குண்டான் காலியாகவே இருந்தது. கும்பிட்டுக் கும்பிட்டுச் சலித்த கையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ரசவாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறிக்கொண்டே நான் அந்த மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தானே பிள்ளையைக் கொண்டுவந்து நடுச்சபையில் உட்கார வைத்தேன்!

அப்போதுதான் நாலாவது பந்தியில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். விருந்து வைக்கிற வீட்டு ஆண்கள் அன்றைக்குச் சாப்பிட உட்கார மாட்டார்கள், வந்தவர்களைக் கவனித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் கறிக்குழம்பைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வாளியோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

"மக மானம் போகுது. ஒங்களுக்குக் கறி கேக்குதாக்கும்?"

"ரசம் கொஞ்சம் ஊத்து, சுகுணா" என்றார்.

ஊரார் இருந்தார்களே என்று வாயைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். தலையில் ஊற்றியிருப்பேன்.

அவர் முழுசாகச் சாப்பிட்டார். இலையை மடித்தார். கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு நேராக ஏழாவது மேசைக்குப் போய், வேற்றாள் மாதிரி மகளைக் கும்பிட்டார். அவள் பதறி எழுந்துவிட்டாள்.

"எழுதுங்க" என்றார் எழுதுகிறவரிடம். "முத்துராமன், கீழத்தெரு. புது நடை. எட்டாயிரம்."

மைக்கைப் பிடித்திருந்த வெற்றிசெல்வன் ஓடி வந்தான். "என்னண்ணே இது? ஒரே வீடு. ஒங்க மகளுக்கு நீங்களே மொய் எழுதுனா எப்படி?"

"இது என் வீட்டு விருந்து இல்லப்பா. அவ விருந்து. வந்து அழைச்சா, வந்தேன். சோறு போட்டா, சாப்ட்டேன். எழுதாமப் போனா மரியாதையா?"

"எட்டாயிரம் ஏதுண்ணே?"

"வண்டியக் குடுத்தேன். எனக்கு எதுக்கு வண்டி, நான் எங்கிட்டுப் போகப் போறேன்? போகப் போறது அவதான்."

வெற்றிசெல்வன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "சுடர்விழி அவர்களுக்கு... கீழத்தெரு முத்துராமன் அவர்கள்... புது நடை... எட்டாயிரம்!" பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் ரசவாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த மனுசனை எத்தனை திட்டுத் திட்டியிருக்கிறேன். அத்தனையும் அவருக்குத் தகும், ஆனால் அன்றைக்குத் திட்டியது மட்டும் தகாது.

முதலில் எழுந்தது சந்தனமேரி. கட்டுமாவடியிலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்கிறவள். சுடர்விழி அவளையும் அழைத்திருந்தாள்.

"ஏம்மா, இந்த மேசையில பொம்பள பேருல எழுதலாம்ல?" என்று கேட்டாள்.

"எழுதலாம் அக்கா."

"அப்ப என் பேரச் சரியாப் போடச் சொல்லு. சந்தனமேரி, கட்டுமாவடி. ஆயிரம். நாளைக்கு என் வீட்டுக் கூரைய மாத்துறப்ப நான் ஒன்னத்தான் வந்து கேப்பேன்."

"கேளுங்க அக்கா. செய்வேன்."

அவ்வளவுதான். பெண்கள் பந்தியிலிருந்து ஒருத்தி எழுந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. சுருக்குப்பையிலிருந்தும் பர்சிலிருந்தும் கசங்கின நோட்டுகள் வந்தன. புருசன் பெயரைச் சொல்லிப் பழகினவர்கள், "யாரு பேருல?" என்று எழுதுகிறவர் கேட்டதும் ஒரு நிமிடம் முழித்தார்கள். பிறகு சொந்தப் பெயரைச் சொன்னார்கள். வனிதா. பிரகதீஸ்வரி. அன்புச்செல்வி. மைக்கில் பெண்பிள்ளைகள் பெயராக வந்துகொண்டிருந்தது. ஆண்களும் வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. முத்துராமனிடம் மொய் வாங்கின நன்றி அவர்களுக்கு இருக்குமே. வெயில் சாய்வதற்குள் காலேஜ் கேட்டதும் பந்திச் செலவும் தேறிவிட்டது. மறுநாள் மத்தியானம் பணம் கட்டினாள். செல்போனில் ரசீது வந்ததும் வீட்டுக்குள் குதித்தாள் பாருங்கள், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

நான் மட்டும் எழுதவில்லை. என் கையில் அன்றைக்கு ஒரு ரூபாய் கிடையாது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பேங்க் கடனும் ஒரு வழியாக வந்தது. அவள் ஹாஸ்டலில் இருந்துகொண்டு சாயங்காலங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். அடுத்த ஆடியில் சந்தனமேரி பத்திரிகை கொண்டுவந்தாள். கூரை மாற்றப் போகிறாளாம். அவள் பெயரில் விருந்து. எங்கள் வீட்டுக்கு ரெண்டு பத்திரிகை வைத்தாள், ஒன்றில் முத்துராமன், இன்னொன்றில் சுடர்விழி.

"எனக்கு எங்கடி?" என்றேன்.

"நீ எனக்கு எழுதுனியா, நான் ஒனக்கு வைக்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நியாயம்தானே.

சுடர்விழிக்கு அன்றைக்கு லேப் பரீட்சை. ஆயிரத்து ஐந்நூறை அவள் அப்பாவின் போனுக்கு அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, எனக்காக நீ போயி சாப்ட்டு எழுதிட்டு வந்துரு."

ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். சாப்பிட்டதும் அவரை முந்திக்கொண்டு நான் மேசைக்குப் போனேன். "சுடர்விழி. ஆயிரத்தி ஐந்நூறு" என்றேன்.

"கொண்டாந்தது யாருங்க அண்ணி?" என்று வேண்டுமென்றே கேட்டான் வெற்றிசெல்வன். அவனுக்குத் தெரியாதா?

"அவ அம்மா."

"அம்மாவுக்குப் பேரு இல்லியா?"

சொன்னேன். அவன் மைக்கைத் தூக்கினான். "சந்தனமேரி அவர்களுக்கு... எம்.எஸ்சி. படிக்கும் சுடர்விழி அவர்கள்... ஆயிரத்து ஐந்நூறு... நேரில் வந்து செய்தவர், அவரைப் பெற்ற தாயார் சுகுணா அவர்கள்!"

கட்டுமாவடிக் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் எடுத்த சோறு கையிலேயே இருக்க, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்று அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டேன்.