பதினேழு நிமிஷம்

பீமாராவின் தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த மருது மாமா, வலது காதுக்குப் பின்னால் வந்ததும் கையை நிறுத்தினார்.

“என்னத்தா இது, பசை மாதிரி? போகமாட்டேங்குது.”

“நான் ஒட்டுனது மாமா. விட்டுருங்க.” பாண்டிமீனா அண்ணனின் தோளில் தண்ணீரை ஊற்றினாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து அவனுக்கு வலிப்பு உண்டு. மதுரையில் கல்லூரி ஆய்வகத்தில் அவள் உருவாக்கிக்கொண்டிருந்த சில்லு, மூளை நரம்புகளைப் போலவே துடித்துத் துடித்துத் தானாகக் கற்றுக்கொள்வது. வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே கண்டுகொண்டு அது ஒலி எழுப்ப வேண்டும். நாலு மாதமாக அண்ணன்தான் அதைக் காதோரம் ஒட்டிக்கொண்டு திரிந்தான். “இது பலிச்சா நானும் வண்டி ஓட்டுவேன்ல?” என்பான்.

பத்துத் தடவை ஒலித்தால் ஒன்பது பொய். சமயநல்லூரில் அவனுடைய செல்போன் கடைக்கு வந்தவர்கள் மிரண்டார்கள். “கொஞ்ச நாள் இதோட வாய அடைச்சு வையி பாப்பா. அது பாட்டுக்குப் படிக்கட்டும்” என்றான். போன வாரம் ஒலியை அவளே அணைத்துவைத்தாள்.

இன்று காலை வாய்க்காலில் குளிக்கப் போனவன், இடுப்பளவுத் தண்ணீரில் வலிப்பு வந்து மூழ்கிப்போனான். சட்டையும் கருவியும் கரையில் இருந்தன.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு அவள் உள்ளறையில் உட்கார்ந்து கருவியை மடிக்கணினியில் செருகினாள். அவன் அதைக் கழற்றியது ஆறு ஐம்பத்திரண்டுக்கு. சில்லு எச்சரிக்கை குறித்திருந்தது ஆறு முப்பத்தைந்துக்கு. இந்த முறை அது பொய் சொல்லவில்லை.

“என்னடி பாக்குற?” அம்மா முனியாயி நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

மூடிவைத்திருக்கலாம். மூடவில்லை.

“அதுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. அவன் இதக் கழட்டுறதுக்குப் பதினேழு நிமிஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நாந்தான் சத்தத்த அமத்தி வச்சிருந்தேன்.”

முனியாயி அருகில் வந்து உட்கார்ந்தாள். திரையில் நெளிந்த கோடுகளையே வெகுநேரம் பார்த்தாள்.

“அப்ப மணி எத்தன?”

“ஆறு முப்பத்தஞ்சு.”

“வீட்டுலதான இருந்தான்.”

“ஆமாம்மா.”

“குழாய்ல தண்ணி வரல. வெந்நி வையிம்மான்னான். இருக்கிற ஒரு கொடம் சோத்துக்கு வேணும், வாய்க்கால்ல போய்க் குளிடான்னு நாந்தான் வெரட்டுனேன்.”

காலையிலிருந்து மாரிலடித்து அழுத அம்மா, இதை மட்டும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பாண்டிமீனா அவள் கையைப் பிடிக்கப் போனாள். முனியாயி அதற்குள் எழுந்துவிட்டாள்.

“எந்திரி. அவுக வர்றதுக்குள்ள வீட்டக் கழுவணும்.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் கொண்டுவந்து வைத்திருந்த குடத்தைத் தூக்கி முனியாயி தரையில் சாய்த்தாள். உதிர்ந்து கிடந்த சாமந்தி இதழ்கள் மிதந்தன. பாண்டிமீனா விளக்குமாற்றை எடுத்து, தண்ணீரை வாசல் பக்கம் தள்ளத் தொடங்கினாள்.