பாளையம் புறப்படவில்லை

பேச்சியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது கொச்சி மட்டாஞ்சேரியின் தமிழ்ச் சபையில் எல்லாரும் ஒத்துக்கொண்ட உண்மை. கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள். ஞானஸ்நானத்தின்போது எஸ்தர் என்று பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். "பேச்சியை மீட்டவருக்குப் பேச்சின்னு கூப்பிடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கியவள் அவள்.

சபைக்கு மூப்பர் செல்லப்பா. போதகர் எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார். மற்ற ஞாயிறெல்லாம் செல்லப்பாவின் ராஜ்யம். வார நாட்களில் பஜாரில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கும் அவரே தலைவர். அங்கே மலையாளத்தில் மூப்பன் என்பார்கள். மாறியது ஓர் எழுத்துதான், அதட்டல் இரண்டு இடத்திலும் ஒன்றே. பேச்சியின் புருஷன் சுப்புராஜும் அவர் கீழேதான் மூட்டை தூக்கினான்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு வேதபாடத்தில் வம்பு பிறந்தது. வாரம் ஒரு வீட்டார் பாடம் சொல்லவேண்டும் என்பது சபை வழக்கம். முறை இவர்கள் வீட்டுக்கு வந்தது. நாலு பேர் முன்னால் நின்றால் சுப்புராஜுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பேச்சி எழுந்தாள். மோசேயைப் பார்க்க மாமனார் வருகிற பகுதி. மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியாளாக உட்கார்ந்து ஜனத்துக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ செய்வது சரியில்லை, நீயும் சோர்ந்துபோவாய், ஜனமும் சோர்ந்துபோகும், பாரத்தைப் பங்கிட்டுக் கொடு என்கிறார் மாமனார்.

"தலைவன்னா எல்லாச் சாவியையும் மடியில கட்டிக்கிட்டுத் திரியுதவன் இல்ல," என்றாள் பேச்சி. "அடுத்தவன் சொல்லுதத காது குடுத்துக் கேக்குதவன். ஆண்டவரோட முகமுகமாப் பேசுன மனுஷன், மாமனார் சொன்னதும் கேட்டுக்கிட்டார்."

இவ்வளவுதான் சொன்னாள். செல்லப்பா மாமனார் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, அந்த மாமனாரோடு வருஷக்கணக்கில் பேசாதவர் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்து தொலைத்தது. ஆண்கள் பக்கம்தான் முதலில் சிரித்தது. சுப்புராஜ் சிரிப்போடு நிறுத்தாமல், "நம்ம மோசேக்கும் இது தெரியணுமே," என்று உரக்கவே சொல்லிவைத்தான். உட்கார்ந்தபடி பேசினால் அவன் நாக்கு ஒட்டுவதில்லை.

அடுத்த ஞாயிறு செல்லப்பா எண்ணாகமத்தைத் திறந்தார். மோசேக்கு விரோதமாகப் பேசிய மிரியாமைக் குஷ்டம் பிடித்ததையும், அவளை ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே விலக்கி வைத்ததையும் வாசித்துப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"பேச்சியம்மா ஏழு ஞாயிறு சபைக்கு வெளிய நிக்கணும். திருவிருந்து கிடையாது. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டா குறைச்சுக்கிடலாம்."

சுப்புராஜுக்கு, நாக்கை அடக்கு என்ற ஒரு வார்த்தையோடு சரி.

பேச்சிக்கு ஆத்திரம். அவமானமும்தான், இல்லை என்றால் பொய். சொந்த ஊரை விட்டு வந்தவளுக்கு அந்தச் சபைதான் பிறந்த வீடு. அதையும் இழந்தால் கொச்சியில் அவளுக்கு யாருமில்லை. ஆனாலும் செய்யாத தப்புக்குக் கைகட்டி நிற்க மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் வாசலுக்கு வெளியே, கழற்றிப்போட்ட செருப்புகளின் பக்கத்தில் நின்று பாடினாள். உள்ளே இருந்தவர்களைவிட உரக்கவே பாடினாள். வீட்டில் அதே எண்ணாகம அதிகாரத்தைச் சுவரைப் பார்த்துச் சத்தமாக வாசித்துத் தீர்த்தாள்.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேட்டுரேன்ட்டி," என்றான் சுப்புராஜ். "நாளைக்கு மூப்பன் என்னைய வேலைக்குக் கூப்பிடலன்னா?"

"சுக்குக் கிடங்குல எனக்கு வேலை இருக்கு. கஞ்சி நான் ஊத்துதேன். மன்னிப்பு மட்டும் எங்கிட்ட இல்ல."

வருஷத்துக்கொருமுறை சபையார் போட் பிடித்து வைப்பின் தீவுக்குப் போய், அங்குள்ள விசுவாசிகளோடு ஆராதனை நடத்துவார்கள். ஏழு ஞாயிறு முடியுமுன்பே அந்த ஞாயிறும் வந்தது. செல்லப்பாதான் பிரசங்கம், சலவை வேட்டியில் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியோடு பேச்சியும் படகுத்துறைக்கு வந்து நின்றாள்.

"வெளிய நிக்கவளுக்கு போட்ல இடமில்ல," என்றார் செல்லப்பா.

ஆண்களெல்லாம் ஏறியிருந்தார்கள். கிடங்கில் பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுக்குப் புடைக்கும் மாயம்மாள், ஒரு காலைப் போட்டில் வைத்தவள் அப்படியே நின்றாள். எளிதில் வாய் திறக்கிறவள் இல்லை அவள்.

"மூப்பரே, ஒரு சந்தேகம். மிரியாம் வெளிய இருந்தப்ப மத்த ஜனம் என்ன செஞ்சுது?"

"அது இப்ப எதுக்கு? ஏறு."

"தெரிஞ்சா ஏறிருவேன்."

செல்லப்பாவுக்குத் தெரியும். அரை வசனம் மிச்சம் வைத்துத்தான் அன்றைக்குப் புத்தகத்தை மூடியிருந்தார். பேச்சிக்கும் தெரியும். ஆனால் தனக்காகத் தானே வாதாடுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போது போட்டின் நடுவில் சுப்புராஜ் எழுந்து நின்றான். நாக்கு வழக்கம்போல ஒட்டியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு பேசினான்.

"நின்னுச்சு. அவளச் சேத்துக்கிடுத வரைக்கும் ஜனம் பொறப்படல."

சொன்னவன் இறங்கி, பெண்டாட்டி பக்கத்தில் வந்து நின்றான். மாயம்மாள் காலை எடுத்துக்கொண்டாள். பெண்கள் துறையிலேயே உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு இறங்கினார்கள். கடைசியில் போட்டில் இருந்தது செல்லப்பாவும் ஆர்மோனியப் பெட்டியும்தான்.

"மூப்பரே, ஏற்றம் போயால் பின்னெ அக்கரெ அடுக்கில்லா," என்று போட்காரர் அவசரப்படுத்தினார். ஏற்றத்துத் தண்ணீர் வடிந்துவிட்டால் அந்தக் கரையில் போட் ஒதுங்காது.

"சரி, ஏறித் தொலை," என்றார் செல்லப்பா.

"ஏறித் தொலைன்னு எழுதல," என்றாள் பேச்சி. "சேத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கு."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செல்லப்பா இறங்கி வந்தார். சபை முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. "வா, பேச்சி," என்றார். அதட்டல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பிறகு பழக்கதோஷத்தில், "அந்த மன்னிப்பு..." என்று இழுத்தார்.

"பரவால்ல மூப்பரே. நீங்க கேக்க வேண்டாம்."

எல்லாரும் ஏறியபின் கடைசியாகப் பேச்சி ஏறினாள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நடுப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனசு நிறைந்திருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"மோசேக்கு விரோதமாப் பேசுனது மிரியாம் மட்டுமில்ல," என்றாள், போட் நகர்ந்ததும். "அவ தம்பி ஆரோனும் கூடச் சேந்துதான் பேசுனான். குஷ்டம் என்னவோ அவளுக்கு மட்டும் வந்துச்சு. அது ஏன்னு அடுத்த பாடத்துல நாம எல்லாரும் யோசிப்போம்."

ஆண்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று காயல் தண்ணீரில் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது.