மாப்பிள்ளைக் கொடி

வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் அவள் அந்தப் பழத்தைப் பார்த்தாள்.

பல் டாக்டர் அவளுடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். ஊசி போட்டதில் உதடும் பாதி நாக்கும் மரத்துப்போய், வேறு யாருடைய முகத்தையோ கடன் வாங்கி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. சாய்ந்து கிடப்பவர்களின் பயத்தைத் திசைதிருப்ப, நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் அவர் சில படங்களை ஒட்டிவைத்திருந்தார். ஒரு கடற்கரை. பனி மூடிய ஒரு மலை. கூட்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் குஞ்சுகள்; அது டாக்டரின் குறும்பாக இருக்க வேண்டும். கடைசிப் படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. நிறைய வானம், குறுக்கே மின்கம்பிகள், கீழே ஒரு மரத்தின் உச்சி. அந்த உச்சியைச் சுற்றிக்கொண்டு ஒரு கொடி. கொடியில் கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறப் பழங்கள்.

அவள் பழத்தைவிட்டு இலையைப் பார்த்தாள். தொழில் புத்தி அப்படி. இலையின் விளிம்பில் ஒட்டாமல், உள்ளே தள்ளி, குடைக்குக் காம்பு பிடித்தாற்போல் நடுவில் வந்து சேரும் காம்பு. நுனியில் நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் ஒரு சின்ன வெட்டு. கண்ணைக் கட்டிவிட்டு விரலால் தடவச் சொன்னாலும் அவளுக்குத் தெரிந்துவிடும் இலை அது.

"ஆ... ஆ..." என்று கையை ஆட்டினாள்.

டாக்டர் கருவியை வெளியே எடுத்தார். "வலிக்குதா?"

"அந்தப் பலம்!"

"பலமா? பல்லு பலமாத்தான் இருக்கும், கவலப்படாதீங்க. அடைச்சிட்டா பத்து வருஷம் தாங்கும்."

"இல்ல... பலம்! மேல!" மரத்த நாக்குக்கு 'ழ' வரவே இல்லை. விரலை நீட்டிக் காட்டினாள்.

டாக்டர் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். "ஓ, அதுவா? என் மச்சான் எடுத்தது. கரண்ட் டவர்ல ஏறுற வேல அவனுக்கு. மேல போனா கம்பியப் பாக்குறானோ இல்லியோ, ஃபோன எடுத்து நாலு படம் எடுத்துருவான். வீட்டுக்காரி தொந்தரவு பண்ணினா, ஒண்ண ஒட்டினேன். வாயத் திறங்க."

மீதி வேலை முடியும்வரை அவள் வாயை மூடவில்லை. மூடச் சொன்ன பிறகும் மூடவில்லை.

அவள் வனத்துறையில் தாவர ஆராய்ச்சியாளர். அரசுக் காடுகளில் அரிதாகிப்போன செடிகள் எங்கெங்கே இருக்கின்றன, எப்படி இருக்கின்றன என்று தேடிப் போய்ப் பார்ப்பதும், அவற்றின்மேல் யாரும் வண்டியை ஏற்றாமலும் வாய்க்கால் வெட்டாமலும் காப்பதும் வேலை. அதில் அவளை அதிகம் அலையவைத்தது இந்தக் கொடி. ஓடையை ஒட்டிய ஒரே சரிவில், இருண்ட காட்டுக்குள், மரங்களைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இந்தத் தாவரக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் தனி, பெண் தனி. ஆண்கொடி மகரந்தம் தரும், பெண்கொடிதான் காய்க்கும். அவள் கண்டுபிடித்தவை அத்தனையும் ஆண். பச்சை கலந்த வெள்ளைப் பூக்கள் தண்டோடு ஒட்டிப் பூக்கும், உதிரும், அவ்வளவுதான். துறையில் ஓட்டுநர் முதல் உயரதிகாரி வரை எல்லோருக்கும் அது 'மாப்பிள்ளைக் கொடி' ஆகிவிட்டது.

வீட்டிலும் இதே கதைதான். அவள் ஒவ்வொருமுறை பையைத் தூக்கும்போதும் கணவன், "என்ன, பொண்ணு பாக்கப் போறியா? இந்தத் தடவையாவது ஜாதகம் பொருந்துமா?" என்பான். அவளும் சிரிப்பாள். ஆனால் உயரதிகாரி சிரிக்காமல் சொன்ன ஒன்று மனதில் முள்ளாகத் தங்கியிருந்தது. "இது எல்லாமே ஒரே கொடியோட துண்டுகளா இருக்கலாம்மா. வெதையே இல்லாததுக்கு நாற்றங்கால், நிழல்வலை, ஆளு... அடுத்த வருஷத் திட்டத்துல இதுக்கு இடமிருக்கும்னு நெனைக்காத."

மச்சான் மறுநாளே ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்துவிட்டான். டாக்டர் சொன்ன தோரணையிலிருந்து ஒரு விளையாட்டுப் பையனை எதிர்பார்த்திருந்தாள். வந்தவன் நாற்பதைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதன். ஊரே அவனை மச்சான் என்று கூப்பிட்டதால் பெரியவர் சின்னவர் வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவன் மச்சான்.

"எந்த டவர்னு ஞாபகமிருக்கா?" என்றாள்.

"நெசமாச் சொல்லணும்னா இல்ல மேடம். எனக்கு எல்லா டவரும் ஒண்ணுதான். அந்தக் கலரு நல்லா இருந்துச்சு, எடுத்தேன். செடி என்ன, கொடி என்ன, எனக்கு வாழை மரம் மட்டும்தான் அடையாளம் தெரியும்."

இருவரும் அவன் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அவள் மரத்தின் இலையைப் பார்த்தாள். ஈரமான இடத்தில் வளரும் மரம், அதனால் ஓடைக்கு அருகில் இருக்க வேண்டும். அவன் கம்பியைப் பார்த்தான். "இங்க பாருங்க, கம்பி நேராப் போகல, திரும்புது. காட்டுக்குள்ள லைன் திரும்புற எடம் ரொம்பக் கம்மி." இரண்டையும் சேர்த்து வைத்தபோது வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளிதான் மிஞ்சியது. அவள் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். அவனோ புள்ளியைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"என்னாச்சு?"

"அடுத்த வாரம் அந்தப் பக்கம்தான் மேடம் எங்களுக்கு வேல. கம்பிக்குக் கிட்ட வந்த மரத்தையெல்லாம் வெட்டணும்."

மறுநாள் காலையில் போனார்கள். மின்பாதைக்காகக் காட்டை நீளமாகச் சீவியெடுத்த ஒரு பட்டை. நடுவே ஜீப் தடம். அவள் அந்த வழியாக வந்ததே இல்லை. தேடுகிறவள் காட்டுக்குள்தானே தேடுவாள்? டவரின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வெறும் இலைக்கூட்டம். பக்கத்து மேட்டில் ஏறித் தொலைநோக்கியை வைத்தாள். முதலில் வானம், பிறகு கம்பி, பிறகு இலை. பிறகு பழங்கள். பாதியைப் பறவைகள் கொத்தியிருந்தன. ஒரு குருவி வந்து உட்கார்ந்து, ஒன்றைப் பிய்த்து, விழுங்க முடியாமல் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கியது. இத்தனை வருடம் யாருக்கும் தெரியாததை அந்தக் குருவி காலைச் சாப்பாடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"கெடச்சாச்சா மேடம்?" கீழேயிருந்து மச்சான் கத்தினான்.

"கெடச்சாச்சு!"

"நம்ம மரம்தான். செவப்புப் பெயின்ட் அடிச்சிருக்கு."

வெட்ட வேண்டிய மரம் என்று அர்த்தம். அவள் இறங்கி வந்து மரத்தை ஒரு சுற்று சுற்றினாள். கொடியின் தண்டு மரத்தின் மறுபுறமாக, காட்டுப் பக்கம் சரிந்து இறங்கியது. வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். தண்டைக் கையால் பிடித்துக்கொண்டே புதருக்குள் நுழைந்தாள். விரல் பருமனாக இருந்தது மணிக்கட்டுப் பருமன் ஆனது. ஓடைச் சத்தம் கேட்டது. சரிவு இருட்டியது. இந்தப் பாறையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றிய அதே நேரத்தில் கையில் ஏதோ தகடு இடறியது. அலுமினியத் தகடு. அதன்மேல் ஆணியால் கீறிய எண், அவளுடைய கையெழுத்தில்.

அவள் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ முறை ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்து, இதன் முன்னால் மண்டியிட்டு, பூக்களை எண்ணிவிட்டுப் போயிருக்கிறாள். அவளுடைய மாப்பிள்ளைகளில் ஒருவன்.

முதலில் நம்பவில்லை. இரண்டு கொடிகள் முறுக்கிக்கொண்டிருக்கும், இறங்கி வரும்போது ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்திருப்போம் என்று நினைத்தாள். மச்சானை மேலே நிற்கச் சொல்லிவிட்டு அடியில் தட்டினாள். "ஆடுதா?" "ஆடுது!" நடுவில் பிரிகிறதா என்று ஒவ்வொரு முழமாகத் தடவிக்கொண்டே ஏறினாள். பிரியவில்லை. அடித்தண்டில் போன பருவத்து ஆண்பூக்களின் தழும்புகள். உச்சியில் பழம். நடுவே ஒரே தண்டு.

"இங்க கடைசியா எப்ப மரம் வெட்டினீங்க?" என்று கேட்டாள்.

"போன தடவ நாலஞ்சு வருஷம் முன்னாடி. பெரிய பெரிய மரம். எடுத்தப்புறம்தான் இவ்வளவு வெளிச்சம்."

அதற்கு முன் இந்தக் கொடிக்கு வெயில் என்பதே தெரிந்திருக்காது. அது இருட்டிலேயே ஏறி ஏறி, ஒருநாள் திடீரென்று திறந்த வானத்தில் தலையை நீட்டியிருக்கிறது. வெயில் கிடைத்ததும் பெண்ணாகிவிட்டதா? காய்க்கத் தெம்பு வேண்டும். தெம்பில்லாத வரைக்கும் செலவு குறைந்த ஆணாக இருந்து காலத்தை ஓட்டுவது சில செடிகளுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தக் குடும்பத்தில் யாரும் அப்படிக் கேள்விப்பட்டதில்லை. மகரந்தத்தை அவ்வளவு உயரத்துக்குச் சுமந்து போனது யார்? உச்சிக்குத் தெரிந்தது அடிக்கு எப்படித் தெரியாமல் போனது? கேள்விகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. கூடவே நாற்றங்காலும் ஞாபகம் வந்தது. நிழலில் வளரும் கொடி என்று, வெட்டி நட்ட தண்டுகளின் தளிர்மேல் துளி வெயில் விழாமல், பச்சை வலையை இரட்டையாக மடித்துக் கட்டியிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்ப நாங்க மரம் வெட்டினது நல்லதாப் போச்சுங்கிறீங்களா?" மச்சான் கண் சிமிட்டினான்.

"அத இப்பச் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க மீதிக் காட்டையும் வெட்டிடுவீங்க."

மின்பாதைப் பொறியாளர் ஒரு பெண். தகரக்கூரை அலுவலகத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். படத்தையும் பார்த்தார். பிறகு, "மரத்த விட முடியாதும்மா" என்றார். "கம்பிக்கும் அதுக்கும் கைநீளம்தான் மிச்சம். ஒரு காத்தடிச்சா உரசும். உரசினா தீ. உங்க காடு எரியும், உங்க கொடி எரியும். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் போகாது. நாளைக்கு யார் பதில் சொல்றது?"

அவள் வரும் வழியெல்லாம் மரத்தைக் காப்பாற்றத்தான் வாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் எதிரிலிருப்பவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மரத்தை விட்டுவைத்தாலும் என்ன ஆகும்? பக்கத்து மரங்கள் வளர்ந்து மூடிவிடும். கொடி மறுபடி இருட்டுக்குள் போய்விடும்.

"எனக்கு மரம் வேண்டாம்" என்றாள், தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்க. "வெளிச்சம்தான் வேணும். கொடிய மட்டும் உயிரோட எறக்கிக் குடுங்க. பக்கத்துல குட்டையா ஒரு மரம் இருக்கு, எந்தக் காலத்துலயும் கம்பியத் தொடாது. அதுமேல ஏத்திவிட்டுர்றேன்."

பொறியாளர், கூட வந்திருந்த மச்சானைப் பார்த்தார். "முடியுமா?"

"கயிறு கட்டி, மரத்தக் கொஞ்சங்கொஞ்சமா அறுத்து எறக்கணும் மேடம். கொழந்தையத் தூளியிலேர்ந்து எடுக்கிற மாதிரி."

"லைன நிறுத்தி வச்சிருக்கிற நேரத்துக்குள்ள முடிங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது." எழுந்து போகப் போனவர் திரும்பினார். "ஆமா, ஒரே கொடி எப்படிம்மா ஆணாவும் பொண்ணாவும் இருக்கும்?"

"தெரியல. அதுக்குத்தான் உயிரோட வேணும்."

வெட்டு நாளன்று உயரதிகாரியும் வருவதாகச் சொன்னார், வரவில்லை. மின்சாரத்தை நிறுத்தியதும் மச்சானும் இன்னும் சிலரும் இடுப்பில் கயிறோடு ஏறினார்கள். ரம்பம் ஓடும், நிற்கும். "விடு விடு... பிடி பிடி..." என்ற குரல்கள். கிளை கிளையாக மரம் குறைந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த கொடி, துணிப்பட்டையில் தொங்கியபடி அங்குலம் அங்குலமாகக் கீழே வந்தது. அவள் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து, வலி மறந்து, மறுபடி வலித்தது. பாதி இறங்கியபோது ஒரு கிளைநுனி முறிந்து, கொத்தோடு அவள் காலடியில் விழுந்தது. மேலே எல்லோரும் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"பரவால்ல, நீங்க பாருங்க" என்றாள்.

உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்துப் பிளந்தாள். பிசுபிசுப்பான சதை. அதற்குள் ஒரே விதை, வளைந்து, மூன்றாம் பிறைபோல. அதன் முதுகில் சீப்பால் வாரியதுபோல் வரிகள். யாரும் வரைந்து வைக்காத வரிகள். முளைக்குமா, உள்ளே உயிர் இருக்கிறதா, வெறும் ஓடா? உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். ஒரு விதையை உடைத்தால் தெரிந்துவிடும். உடைக்க மனம் வரவில்லை. ஈரத் துணியில் எல்லாவற்றையும் சுற்றிப் பையில் வைத்தாள்.

மீதிக் கொடி முழுசாகத் தரைக்கு வந்தது. இனி அதைத் தூக்கி, மின்பாதைப் பட்டையின் ஓரத்திலிருந்த குட்டை மரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வேர் இருந்த இடத்திலேயே இருக்கும். கடிகார முள்போல் கொடி மட்டும் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஒரு இடமாக வரிசையில் நின்று தோளில் ஏற்றிக்கொண்டார்கள். வேர்ப் பக்கம் அவள். கடைசியில், இலையும் பழமுமாக நுனியைக் கைகளில் ஏந்திக்கொண்டு மச்சான். பொறியாளரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வந்து நடுவில் தோள் கொடுத்தார்.

"போலாம்" என்றாள்.

அவள் நகரவே தேவையில்லாமல் இருந்தது. நின்ற இடத்திலேயே காலைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவர் ஓரடி வைத்தார், அதற்கடுத்தவர் இரண்டு. நுனிக்காரன்தான் முள்ளும் புதருமாகப் பெரிய அரைவட்டம் போட்டாக வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நுனி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேள்வி ஒவ்வொரு வாயாகத் தாண்டிப் புதருக்குள் போனது. பதில் வரத் தாமதமானது. காட்டில் எங்கோ ஒரு குருவி விட்டுவிட்டுக் கூப்பிட்டது. அவள் கழுத்தோரம் கொடி குளிர்ந்து கிடந்தது. பிறகு தோளில் அது மெல்ல ஒருமுறை இழுபட்டது. தூரத்தில், வெயிலுக்குள், யாரோ இன்னொரு அடி எடுத்து வைத்திருந்தார்கள்.