சால்வையை வாங்க மறுத்த சிபியா

எலாசாவுக்கு வாய் விழுந்துபோன காலையில் நான் அடுப்பில் பயற்றங்கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, "நாளைக்குச் சமாரியாவுக்குப் போறேன். ராஜா மூஞ்சிக்கு நேரா சொல்லப்போறேன்" என்றிருந்தார். சொன்னபடியே விடிந்ததும் எழுந்து, ஆட்டுமயிர்ச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குடிசையைவிட்டு வெளியே காலை வைத்தவர், அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். ஓடிப்போய்த் தூக்கினோம். வலது கை நனைந்த துணிபோலத் தொங்கியது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. என்னவோ சொல்லப் பார்த்தார். 'ம்... ம்...' என்ற முனகலைத் தவிர ஒன்றும் வரவில்லை. மூன்று ராஜாக்களைத் தூங்கவிடாமல் அடித்த வாய் அது.

திர்சா ஊருக்குக் கீழே ஓடைக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு நாங்கள் இருபத்திரண்டு பேர் அவரோடு இருந்தோம். தீர்க்கதரிசியின் பிள்ளைகள் என்று ஊரார் சொல்வார்கள். எங்களில் பலருக்கும் நரைத்துவிட்டது, இருந்தாலும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவோம். நான் மிஷ்மா. பதினைந்து வருஷமாகக் கூட்டத்துக்குச் சமையல் என்னுடையது. எனக்குத் தரிசனம் ஒன்றும் வந்ததில்லை. கேட்டதை மறக்காமல் வைத்துக்கொள்ளும் காது மட்டும் உண்டு.

அவர் ராஜாவிடம் சொல்லவிருந்த வார்த்தை எங்களுக்குத் தெரியும். வாற்கோதுமை முற்றி நின்ற நேரம். ஆனால் அறுக்க ஊர்களில் ஆண்களே இல்லை. ரதக் குதிரைகளுக்கு லாயம் கட்டவேண்டுமென்று ராஜாவின் ஆட்கள் எல்லோரையும் கூலியில்லா ஊழியத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கைக்குழந்தைக்காரிகளும் கூனிப்போன கிழவர்களும் அரிவாளோடு வயலில் தடுமாறினார்கள். கதிர் தானாக உதிர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மல்கிராம் வந்தான். ராஜாவின் அரண்மனை விசாரிப்புக்காரன். பின்னால் நாலு கழுதை, மாவும் எண்ணெயும் சுமந்து.

"பெரியவருக்கு இப்படி ஆயிடுச்சேன்னு ராஜா சாப்பிடவே இல்ல" என்றான். எலாசாவின் படுக்கையருகே உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துப் பேசினான். "கூட்டம் தலையில்லாம இருக்கக்கூடாது. அத்லாய் இருக்கானே, குரலும் நல்லா இருக்கு, பேசவும் தெரியும். பெரியவர் கையால அந்தச் சால்வையை அவன் தோள்ல போட்டுடட்டும். மாதப்பிறப்பு அன்னைக்குப் பட்டணத்து வாசல்ல அவன் வந்து லாயத்தை ஆசீர்வதிச்சா போதும். அப்புறம் உங்களுக்கு வருஷம் பூரா மாவு."

அத்லாய் எங்களுக்குள் மூத்தவன். சுரமண்டலம் வாசித்துப் பாடினால் கல்லும் கேட்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அரண்மனையில நம்ம ஆள் ஒருத்தன் இருந்தா நல்லதுதானே. உள்ள இருந்துக்கிட்டே நாலு நல்லது சொல்லலாம்" என்றான். யாரும் மறுக்கவில்லை. நானும்தான். என் கண் மாவு மூட்டைமேல் இருந்தது.

மல்கிராம் சால்வையை எடுக்கப்போனான். எலாசா இடது கையால் அதை இறுக்கிப் பிடித்தார். அவன் இழுத்தான். அவர் ஒரு முனையைப் பல்லால் கவ்விக்கொண்டார். எழுபது வயதுக் கிழவர், கோணிய வாயில் எச்சில் ஒழுக, நாய்போல் உறுமினார். மல்கிராம் சிரித்துக்கொண்டே கையை விட்டான்.

"இன்னும் நாலு நாள் இருக்கு. அவரா கொடுத்தாலும் சரி, நீங்க எடுத்தாலும் சரி. இல்லேன்னா நாங்க புதுசா ஒண்ணு நெய்துக்கிறோம். ஆட்டுமயிருக்கா பஞ்சம்?"

அவன் போனபின் எலாசா என்னைச் சைகையால் அழைத்தார். சால்வையை என் மடியில் திணித்தார். பிறகு இடது கையைத் தரையில் வைத்து வட்டமாகச் சுற்றினார். புரியவில்லை. மறுபடி சுற்றினார். திரிகை. மாவு அரைக்கிற திரிகை.

"சிபியாவா?" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தார்.

சிபியா எங்களோடு எட்டு வருஷம் இருந்தவள். கைம்பெண். திரிகைக் கட்டையைப் பிடித்துப் பிடித்துக் கை இரண்டும் காய்த்துப்போனவள். எலாசா சொல்வதில் ஒரு சொல் நழுவினாலும் கண்டுபிடித்துவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராஜா முதல்தடவையாக ஆட்களை ஊழியத்துக்குப் பிடித்தபோது எலாசா கண்டிக்கப் போனார். அரண்மனையில் விருந்து சாப்பிட்டுவிட்டு, வெகுமதியாகக் கொடுத்த கழுதையில் ஏறித் திரும்பிவந்தார். சிபியா எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "முழுசா சொன்னீங்களா, பாதியை முழுங்கிட்டீங்களா?" அவர் "வெளியே போ" என்று மட்டும் சத்தம் போட்டார். அன்றைக்கே அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாமீருக்குப் போய்விட்டாள். அதன்பின் அவர் அவள் பெயரைச் சொன்னதில்லை. அந்தக் கழுதைமேல் ஏறினதும் இல்லை.

சாமீர் அரைநாள் நடை. நான் போனபோது அவள் முற்றத்தில் அரைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "செத்துட்டாரா?" என்றாள்.

"இல்ல. வாய் விழுந்துடுச்சு."

திரிகை நின்றது. "வாயா? மூணு வருஷம் முன்னாடி விழுந்திருந்தா மானமாவது மிஞ்சியிருக்கும்."

"சிபியா, அப்படிப் பேசாதே. இதைக் கொடுத்தனுப்பினார்." சால்வையை நீட்டினேன்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாளே தவிர அதைத் தொடவில்லை. "யார்கிட்ட சொன்னார்?"

"என்கிட்ட மட்டும். சைகையால."

"என்னைத் தொரத்தினது எல்லார் முன்னாடியும். கூப்பிடறது மட்டும் சமையக்காரன் மடியில ஒளிச்சா? திருப்பி எடுத்துட்டுப் போ."

நான் எழுந்து நடந்தேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பின்னால் காலடிச் சத்தம். அவள்தான், முந்தானையை இடுப்பில் செருகியபடி. "நான் சால்வைக்காக வரல. அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். பதில் இன்னும் வரல" என்றாள்.

ஓடைக்கரைக்கு வந்ததும் எல்லோரும் கூடிவிட்டார்கள். எலாசாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். சிபியா அவருக்கு எதிரே நின்றாள், உட்காரவில்லை.

"அன்னைக்கு ராஜா முன்னாடி முழுசா சொன்னீங்களா?"

அத்லாய் குறுக்கே வந்தான். "வாய் விழுந்த மனுஷன்கிட்டயா நியாயம் கேக்குற?"

"நீ சும்மா இரு. அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

எலாசா அவளையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கித் தம் வாயிலேயே அறைந்தார். இன்னொரு தரம். மூன்றாவது அறைக்குள் சிபியா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெடித்து ரத்தம் வந்துவிட்டது. அவர் மெதுவாக அவள் கையைத் தம் பக்கம் இழுத்து, காய்ப்பேறிய அந்த உள்ளங்கையைத் தம் வாய்மேல் வைத்துக்கொண்டார். எங்கள் இருபத்திரண்டு பேர் கண்முன்னால்தான் அது நடந்தது.

அத்லாய்க்குப் பொறுக்கவில்லை. "ஒரு பொம்பளை போய் ராஜாவை எதிர்த்துப் பேசறதாவது. சபையில எடுபடுமா?"

"உங்கம்மா உன்னைத் திட்டினப்போ எந்தச் சபையில அனுமதி வாங்கினா?" என்றாள் சிபியா. சிரிக்கக்கூடாத நேரத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அத்லாய் சுரமண்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். நேரே அரண்மனைக்குப் போனான் என்று பிறகு தெரிந்தது.

நான் மறுபடியும் சால்வையை நீட்டினேன். அவள் அதை வாங்கி எலாசாவின் காலைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். "இது அவருக்கு இருக்கட்டும். எனக்கு வார்த்தையைச் சொல்லு, மிஷ்மா. நீதான் கேட்டது மறக்காதவனாச்சே."

சொன்னேன். "'அறுப்பு முடியும்வரை ஆட்களை வீட்டுக்கு விடு. விடாவிட்டால் வயலில் உதிர்கிற ஒவ்வொரு மணியும் உன் சிங்காசனத்துக்கு விரோதமாகச் சாட்சி சொல்லும்' என்று கர்த்தர் சொல்லுகிறார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எலாசா தலையை ஆட்டினார். இல்லை என்று. சிபியா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை.

"எதை முழுங்கினே?"

"'நீ கட்டுகிற லாயத்தில் உன் குதிரை நிற்காது, உன் சத்துருவின் குதிரை நிற்கும்.' அதைச் சொன்னா தலை போயிடும் சிபியா, அதான்..."

"போற தலை என்னோடது" என்றாள். மூன்று தரம் சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தரமும் எலாசாவின் கண்ணைப் பார்த்தாள். மூன்றாம் தரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

மாதப்பிறப்பன்று நானும் சிபியாவும் போய்ச் சேர்ந்தபோது சமாரியாவின் வாசலில் நிற்க இடமில்லை. எக்காளம் ஊதினார்கள். வாசலுக்கு முன்னாலிருந்த களத்தில் ராஜா ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஊழியத்துக்குப் பிடிபட்டவர்கள் செங்கல் கூடைகளைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள், இறக்கிவைக்கக்கூட உத்தரவில்லை. புத்தம் புதுச் சால்வை போர்த்திய அத்லாய், சமாதானம் உண்டாகும், கர்த்தர் இந்த லாயத்தை நிரப்புவார் என்று பாடினான். உண்மையைச் சொல்லவேண்டும், அழகாகத்தான் பாடினான்.

பாட்டு முடியுமுன் பெண்கள் கூட்டத்திலிருந்து சிபியா நடந்து களத்தின் நடுவுக்கு வந்தாள். அவள் குரலில் இனிமை கிடையாது, திரிகைக் கல்போலக் கரகரவென்று இருக்கும். ஒரு சொல் விடாமல் சொன்னாள். லாயத்தைப் பற்றினதையும் சொன்னாள்.

மல்கிராம்தான் முதலில் பேசினான். "யாரு நீ? யார் அனுப்பினது?"

"எலாசா அனுப்பினார்."

"அப்படின்னா அவர் சால்வை எங்கே?"

"அவருக்குக் குளிருதுன்னு போர்த்தியிருக்கார்."

கூட்டத்தில் எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பி, கூடைக்காரர்கள்வரை பரவியது. ராஜா கையை உயர்த்தினார்.

"எலாசா என் பந்தியில உக்காந்து சாப்பிட்டவர்மா. என்னை இப்படிச் சொல்லமாட்டார்."

"அந்தச் சாப்பாடுதான் ராஜா, மூணு வருஷமா அவருக்குச் செரிக்கல. நான் உங்க வீட்டுல சாப்பிட்டதில்ல."

காவலன் ஒருவன் ஈட்டிக் காம்பால் அவள் வாயில் அடித்தான். அவள் குனிந்து ரத்தத்தைத் துப்பினாள். நிமிர்ந்து, "'அறுப்பு முடியும்வரை ஆட்களை வீட்டுக்கு விடு'" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இன்னொரு அடி. முழங்காலில் விழுந்தாள். அங்கிருந்தபடியே மூன்றாம் தரம் சொல்லத் தொடங்கினாள்.

அப்போதுதான் ஒரு கூடை விழுந்த சத்தம் கேட்டது. உயரமான ஒருவன், தோளெல்லாம் புண். செங்கலைக் கீழே போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் வடக்குப் பாதையில் நடந்தான். "எங்கடா போறே?" என்று மேஸ்திரி கத்தினான். "கதிர் அறுக்க" என்றான் அவன், திரும்பாமலே. அடுத்து இன்னொரு கூடை. பிறகு பத்து. பிறகு எண்ணமுடியவில்லை. காவலர்கள் சிலரைப் பிடித்தார்கள், சிலரை வெட்டினார்கள், இரண்டு பேர் அந்தக் களத்திலேயே செத்தார்கள். ஆனால் அத்தனை பேர் நாலாபக்கமும் போகும்போது எத்தனை பேரைத் துரத்துவது? அந்த வருஷம் லாயத்துக்குக் கூரை ஏறவில்லை. பாதிக்குமேல் வயல்களில் அறுப்பு நடந்தது.

சிபியாவை இழுத்துக்கொண்டு போகையில், "இவளோட வந்தது யாரு?" என்று மல்கிராம் கத்தினான். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். "நான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. முன்பற்கள் இரண்டு அன்றைக்குப் போயின. என்னைச் செத்தவனைப்போல் தெருவில் எறிந்துவிட்டார்கள். அவளைத் தண்ணீர் வற்றிய ஒரு துரவுக் கிணற்றில் இறக்கினார்கள்.

அவளை இறக்கின பன்னிரண்டாம் நாள் எலாசா இறந்தார். ஓடைக்குமேலே அத்திமரத்துப் பக்கம் அடக்கம் செய்துவிட்டு, நான் சமாரியாவுக்குப் போய்க் காவல்காரனைக் கெஞ்சித் துரவின் வாயருகே குனிந்தேன்.

"சிபியா, அப்பா போயிட்டார்."

உள்ளிருந்து "வலி இருந்துச்சா?" என்றாள்.

"இல்ல. பக்கத்து வயல்ல ஆம்பளைங்க அறுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கிடந்தார். என் கையைப் பிடிச்சு நீ இருக்கிற இந்தப் பக்கம் காட்டினார்."

அப்போதுதான் அழுதாள். அந்தக் குழிக்குள்ளிருந்து எழும்பின அழுகையைக் கேட்டுக் காவல்காரன் எழுந்து தூரப் போய்விட்டான்.

நாற்பதாம் நாள் மல்கிராமே வந்து அவளை மேலே தூக்கச்சொன்னான். மெலிந்து, மண்ணாகி, வெளிச்சத்தில் கண் திறக்கமுடியாமல் நின்றாள்.

"ராஜா இரக்கப்பட்டு விடுறார்" என்றான் அவன். "இனிமே வாசல்ல வாயைத் திறக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போ."

"அடுத்த மாதப்பிறப்பு என்னைக்கு?" என்று அவள் கேட்டாள்.

அவன் கூட்டத்தைப் பார்த்தான். மறுபடி இறக்கச்சொல்லவில்லை. அறுத்துவிட்டு வந்த ஜனம் சுற்றிலும் நின்றுகொண்டிருந்தது, சிலர் கையில் அரிவாள்கூட இருந்தது.

சிபியா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்பக்கச் சந்து வழியாக அவளை அழைத்துப்போகப் பார்த்தேன். "இது எந்த வழி?" என்றாள்.

"யார் கண்ணுலயும் படாம போயிடலாம்."

"வேண்டாம் மிஷ்மா. வாசல் வழியாவே போவோம். மெதுவா நட, எனக்குக் கண்ணு கூசுது."