சம்மாட்டியாரின் பேனைக்குள் ஒரு கதவு

மாம்புரியில் பஸ்தியான் சம்மாட்டியாரின் வீடு எது என்று கேட்டால், உடுப்புக் காயப்போடுகிற கொடியைப் பார்த்துக்கொண்டே போகச் சொல்வார்கள். எந்தக் கொடியில் வெள்ளைச் சேட்டுகளெல்லாம் இடது மார்பில் நீலப் பொட்டோடு காற்றில் ஆடுகின்றனவோ, அதுதான் வீடு. வள்ளங்களும் வலைகளும் வைத்து ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர் அவர். ஆனாலும் அடையாளம் என்னவோ அந்தப் பொட்டுத்தான்.

பொட்டுக்குக் காரணம், மகன் அல்பேட் போன மார்கழியில் நத்தாருக்கு இத்தாலியிலிருந்து அனுப்பிய மைப் பேனை. அதற்கு மூடி கிடையாது. வாலிலிருக்கும் பொத்தானை அமத்தினால் தங்க நிப்பு தலையை நீட்டும், திரும்ப அமத்தினால் உள்ளே போய்விடும். சம்மாட்டியார் அதில் ஒரேயொரு குறைதான் கண்டார். கிளிப்பு வால் பக்கம் இல்லை. நிப்பு வருகிற பக்கம் இருந்தது.

"எவனாவது எஞ்சினை வள்ளத்துக்கு முன்னால, அணியத்தில பூட்டுவானா? பூட்டினவன் தண்ணியப் போட்டுட்டுப் பூட்டியிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார். குறட்டால் அதைக் கழற்றி வால் பக்கம் மாற்றவும் பார்த்தார். அது வரவில்லை. அதற்குப் பிறகு கிளிப்பு என்று ஒன்று இருப்பதையே மறந்து, உலகத்துப் பேனைகளையெல்லாம் வைக்கிற மாதிரி நிப்பு கீழே பார்க்கப் பொக்கற்றில் வைத்தார். கிளிப்பு பிடிக்காததால் பேனை குனிகிற நேரமெல்லாம் வழுகி விழப் பார்த்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் பெருவிரலால் ஒரு அமத்து அமத்தி உள்ளே தள்ளினார். பெருவிரலுக்குக் கீழே பொத்தான் இருந்ததைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

மனைவி மக்டலின் தேசிக்காய் போட்டாள், பால் ஊற்றினாள், புனித அன்னம்மாளுக்கு நேர்த்தியும் வைத்தாள். மை அசையவில்லை. கடைசியில், மகள் அஜித்தாவைக் கேட்டு வந்த சிலாபத்துக்காரர் முன்னாலேயே, "இந்த மை நிக்கிற நாள்தான் இந்த வீட்டில கலியாணம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற பழக்கம் மக்டலினுக்கு இல்லை.

சிலாபத்து மாப்பிள்ளை கில்பட், இத்தாலியில் அல்பேட்டோடு ஒரே அறையில் இருப்பவன். சம்மாட்டியார் இப்போதே அவனை மருமகன் என்றுதான் கூப்பிட்டார்.

கிளைட்டனை அவர் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற பெடியன், கோயில் பாட்டுக் குழுவில் அஜித்தாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவன். அந்தப் பக்கத்தில் நிற்பது வாழ்நாள் முழுக்க நீடிக்க வேண்டும் என்று அவனும் அவளும் முடிவெடுத்து ஒரு வருசமாகிறது. சம்மாட்டியாருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பேனையில் பழுது எதுவும் இல்லை என்பது நத்தாருக்கு அடுத்த ஞாயிறே கிளைட்டனுக்குத் தெரியும். பாட்டுக் குழு நிற்கிற இடத்திலிருந்து சம்மாட்டியாரின் பொக்கற் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கே போனில் தேடி, இப்படியொரு பேனையை ஒருவன் நடுவால் பிளந்து காட்டிய வீடியோவைப் பார்த்து, அஜித்தாவுக்கும் காட்டினான். மறு ஞாயிறு காணிக்கைப் பாட்டில் இருவருக்கும் குரல் வரவில்லை. பக்தியில் தொண்டை அடைத்துவிட்டது என்று கோயில் வேலைகளைப் பார்க்கிற சங்கிலித்தார் நினைத்துக்கொண்டார்.

ஆகவே, "சந்திக் கடைக் கிளைட்டன் திறக்காத சாமான் இல்ல" என்று அஜித்தா தாயிடம் போட்டு வைத்து, தாய் அவனை வரச் சொல்லி, கில்பட் லீவில் வந்திருந்த ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் அந்த வீட்டு வாசலில் ஏறியபோது, என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. திருத்த வேண்டியது பேனையை அல்ல, சம்மாட்டியாரை. அந்த அளவுக்குத் திருப்புளி கடையில் இல்லை. நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் மை நின்றுவிடும். அவனுடைய கலியாணமும் சேர்ந்து நின்றுவிடும்.

அவன் அதற்காகக் கவலைப்படவில்லை. கவலைப்படுவது கிளைட்டனுக்குக் கைவராத தொழில்.

கில்பட்டுக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பேனையை நடுவில் திருகி இரண்டாக்கினான். பின்பாதியில் பொத்தானும் ஸ்பிரிங்கும். நடுவிலிருந்து நிப்போடு சேர்ந்த மைக்குழல் வழுகி வந்தது, சின்னச் சூடை மீன் அளவில். அதைத் துணியில் கிடத்திவிட்டு, வெறுமையான முன்பாதியைச் சம்மாட்டியார் கையில் கொடுத்துப் போன் வெளிச்சத்தைப் பிடித்தான்.

"உள்ள பாருங்க, சம்மாட்டியார்."

ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "என்னமோ தகடு மாதிரிக் கிடக்கு."

"அது கதவு. அமத்தினா நிப்பு வந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளிய வரும். திரும்ப அமத்தினா ஸ்பிரிங் நிப்பை இழுத்துக்கும், கதவு தானாச் சாத்தும். சாத்தாட்டி மை காஞ்சு போயிடும். மூடி இல்லாத பேனை இல்ல இது. மூடி உள்ள இருக்கு."

சம்மாட்டியார் அவனைப் பூட்டச் சொல்லி, வாங்கி, துவாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு மெதுவாக அமத்தினார். கதவு திறந்தது. திரும்ப அமத்தினார். சாத்தியது. ஆறேழு தடவை திறந்து சாத்தியதில் அவருடைய முகத்தில் பத்து வயது குறைந்தது. இவ்வளவு சின்னக் கதவுக்கு ஆர் கீல் அடிச்சது என்று கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது" என்றான் கிளைட்டன். "இனி நீங்க வழமையா வைக்கிற மாதிரிப் பொக்கற்றில ஒருக்கா வையுங்க. மை எங்கால வருதெண்டு பாப்பம்."

சம்மாட்டியார் வைத்தார். பெருவிரலால் தள்ளினார்.

டிக்.

எட்டு மாதமாகக் கடல் இரைச்சலிலும் கோயில் மணியிலும் அமுங்கிப்போன சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. சலவை செய்த சேட்டில் நீலம் மெல்ல விரிந்தது. மக்டலின் கணவனின் பெருவிரலைப் பார்த்தாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

சம்மாட்டியார் பேனையை வெளியே எடுத்தார். நீட்டி நின்ற நிப்பைப் பார்த்தார், பக்கத்தில் கிளிப்பைப் பார்த்தார். அதைப் பொக்கற் விளிம்பில் மாட்டினால் நிப்பு மேலே நிற்கும், மை கீழே வாலுக்குப் போகும் என்பதை அவருடைய கை வாயை விட முதலில் புரிந்துகொண்டது.

"அப்ப கிளிப்புப் பிழையில்ல?"

"இல்ல, சம்மாட்டியார்."

"அப்ப பிழை ஆருல?"

தேத்தண்ணியும் கேக்குமாகத் தட்டுகளோடு வந்த அஜித்தா கதவடியில் அப்படியே நின்றாள். கிளைட்டன் துணியை நிதானமாக மடித்தான். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை சந்தேகம் கேட்பது போல, மற்றக் கதிரைப் பக்கம் திரும்பினான்.

"இத்தாலியில இருக்கிற ஆக்களுக்கு இது பழக்கமா இருக்கும். என்ன, கில்பட் அண்ணே?"

போன் கடைப் பெடியன் ஒருவன் இவ்வளவு நேரமும் சபை நடத்தியதைக் கில்பட் பொறுத்துக்கொண்டுதான் இருந்தான். இந்த இடத்தில் பொறுமை போதவில்லை. தனக்கு முதலிலேயே தெரியும் என்றான். ஞாயிறுகளில் அங்கிள் வீடியோவில் கதைக்கிறபோது பேனை தலைகீழாக இருப்பதைப் பார்த்ததாகவும், பெரிய மனிதருக்குச் சொல்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டதாகவும் சொன்னான்.

"நத்தாரில இருந்தா?" என்று சம்மாட்டியார் கேட்டார்.

"ஓம், அங்கிள்."

"அல்பேட்டும் பாத்தவனா?"

"நாங்க ரெண்டு பேரும்தான்."

"சிரிச்சீங்களா?"

கில்பட் நேர்மையான பிள்ளை. கொஞ்சம் யோசித்து, "அவ்வளவுக்கு இல்ல" என்றான்.

சம்மாட்டியார் சத்தம் போடவில்லை. "கடல்ல என்ட வள்ளத்தில ஓட்டை இருக்கிறதக் கண்டா, மரியாதைக்காகப் பேசாமப் போயிடுவீங்களா, தம்பி?"

மருமகன் தம்பியாகிப்போனதை முதலில் கவனித்தவள் மக்டலின். அஜித்தா கொண்டுவந்த கேக் தட்டை எடுத்தவள், கில்பட்டைத் தாண்டி நடந்து கிளைட்டன் முன்னால் வைத்தாள். அல்பேட்டுக்கு இரவைக்குப் போன் எடுக்க வேண்டும், அவனிடம் கேட்க நிறைய இருக்கிறது என்று சம்மாட்டியார் சுவரைப் பார்த்துச் சொன்னார். கில்பட்டுக்குத் திடீரென்று சிலாபம் பஸ் ஞாபகம் வந்தது.

அவன் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகு, சம்மாட்டியார் கிளைட்டனை வடிவாகப் பார்த்தார். இப்போதுதான் முதல்தரம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"நீ எப்ப கண்டனி?"

கதவடியில் அஜித்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள். காணிக்கைப் பாட்டு அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கிளைட்டனுக்கும் வந்தது, சிரிப்பாகத் தொண்டை வரைக்கும் வந்தது. அவன் மேசையிலிருந்த பேனையை எடுத்து, பொத்தானை ஒருதரம் அமத்தினான். நிப்பு உள்ளே போனது, சின்னக் கதவு சாத்திக்கொண்டது.

"இண்டைக்குத்தானே கையில கிடைச்சது" என்றான்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சம்மாட்டியார் தலையாட்டினார். பேனையை வாங்கி, கிளிப்பைப் பொக்கற் விளிம்பில் மாட்டினார். பழக்க தோசத்தில் பெருவிரல் மேலே போய் ஒரு அமத்து அமத்தியது. சத்தம் வரவில்லை.

"அடுத்த ஞாயிறு சேட்டு வெள்ளையா வந்தா, உன்ட அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றாள் மக்டலின்.

கிளைட்டன் கேக்கை வாயில் போட்டு, வாயை மூடிக்கொண்டான்.